விரல் பதிவுகள்

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
என் துணி அந்த வெள்ளிநிற வண்டியின் மேல் நடக்கும்.
ஜெனீவா. விமான நிலையத்தை ஒட்டிய மண்டபம்.
மார்ச் மாதம், வெளியே ஈரப் பனி.
உள்ளே இரவு பகல் இல்லை,
விளக்குகள் அப்படி.

பத்திரிகைக்காரர்கள் எட்ட நின்று பார்க்கிறார்கள்.
நான் துடைக்கிறவள்,
எனக்கு ஒரு சாண் தூரம்தான் பழக்கம்.
இந்த வருஷம் எல்லா வண்டிக்கும் கண் இடுங்கிவிட்டது.
கொடுத்த கடனைக் கேட்க வந்தவர்போல ஒரு முறைப்பு.
போன முறை வாய் பெரிதாக இருந்தது,
கம்பி கம்பியாக, திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல.
இப்போது வாயே இல்லை.
மின்சார வண்டிக்கு அவ்வளவு மூச்சு வேண்டாமாம்,
பெஸ்னிக் சொன்னான்.
பிரிஷ்டினாக்காரன், மேடையைச் சுழற்றுகிறவன்.
வாயில்லாத முகத்தைத் துடைக்கையில்
கை கொஞ்சம் கூசுகிறது.

கொரிய அரங்கில் ஒன்று,
உடம்பெல்லாம் மடித்த காகிதம்.
மடிப்பின் பள்ளத்தில் தூசு தங்கும்.
வரைந்தவருக்குத் தெரியாது.
அவர் வீட்டில் யார் துடைக்கிறார்களோ.

இத்தாலியர்களின் சிவப்பைப் பற்றி என்ன சொல்ல.
இடுப்பிலிருந்து பின்சக்கரத்துக்கு
இறங்குகிற அந்த ஒற்றைக் கோட்டில்
என் துணி தானாக மெதுவாகிவிடுகிறது.
"ஒதெத்!"
மதாம் ஷப்புயி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறாள்.

மனிதர்கள் எங்கே தொடுகிறார்கள் என்று
எந்த வடிவமைப்பாளரும் என்னைக் கேட்டதில்லை.
மூக்கு நுனியைத் தட்டுகிறார்கள்,
மாட்டுக்கு விலை பேசுகிறவர்கள்போல.
கதவைச் சாத்தி, சத்தத்தைக் கேட்டு,
திறந்து, மறுபடி சாத்துகிறார்கள்.
கைப்பிடி இல்லாத கதவு ஒன்று வந்திருக்கிறது.
அதைத் திறக்கத் தடவித் தடவி
கதவு முழுக்க விரல்.
பிடி இருந்தால் ஓரிடத்தைத் துடைத்தால் போதும்.

லோசானிலிருந்து வந்த ஓர் அம்மாள்
தன் கணவரை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு
அவருடைய சக்கர நாற்காலியை மடித்து
பின்பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள்.
நேராக வைத்தாள். சாய்த்தாள். திருப்பினாள்.
நுழையவில்லை.
விற்பனைப் பையன் நிறத்தின் பெயரைச் சொன்னான்:
"ஆர்க்டிக் விடியல்."
அவள் நன்றி சொல்லி நாற்காலியை விரித்தாள்.
சக்கரம் உரசிய கறுப்புக் கீறலை
நான் மூன்று முறை துடைத்தேன்,
மூன்றாவது முறைதான் போயிற்று.

நடுமேடையில் சுழன்றதற்குப் பெயர்கூட இல்லை, ஓர் எண்தான்.
சுற்றிலும் கறுப்புக் கண்ணாடி.
எல்லாரும் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்தார்கள்.
நெற்றி எண்ணெய், மூக்கின் புள்ளி, மூச்சின் வட்டம்.
பதினோரு நாளும் நான் அதை அழித்தேன்.
அழிக்கும் சாக்கில் நானும் பார்த்தேன்,
என் முகம்தான் தெரிந்தது.

கடைசி இரவு அதன் முதுகைக் கழற்றினார்கள்.
உள்ளே மரச்சட்டம், நுரை,
நான்கு மணல் மூட்டை,
யாரோ தின்றுவிட்டுப் போட்ட சாண்ட்விச் உறை.
முந்நூறு கிலோமீட்டர் வேகம் என்று
பலகையில் எழுதியிருந்தது.
ஆறு ஆட்கள் காலுறையோடு தள்ளினார்கள்.
வளைவு வந்தபோது
பெஸ்னிக் சக்கரத்தை உதைத்துத் திருப்பினான்.
எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன்.
வரவில்லை.
ஒரு கை நானும் கொடுத்தேன்.
எடையே இல்லை அதற்கு,
மணலைத் தவிர.

என் வேனுக்குப் பதினாறு வயது,
இந்த ஊர்ச் சோதனையில் இரண்டுதடவை தோற்றது.
அதனால் ஐந்தாம் எண் பேருந்து.
கம்பியில் ஒரே உயரத்தில் மஞ்சள் பெயின்ட் போய்
இரும்பு பளபளத்தது.
நானும் அங்கேயே பிடித்தேன்.

கண்ணை மூடினால் அந்தச் சிவப்புக் கோடு.
துணி இல்லாமலே கை ஒருமுறை
காற்றில் அதை வரைந்துவிட்டது,
இடுப்பிலிருந்து கீழே, மெதுவாக.
இறங்கக் கையசைக்கிறேன் என்று நினைத்து
ஓட்டுநர் நிறுத்திக் கதவைத் திறந்தார்.
குளிர் உள்ளே வந்தது.
என் நிறுத்தம் இன்னும் இரண்டு தள்ளி.
இறங்கினேன்.